படிப்புச் செலவும் பெற்றோரின் முதுமையும்

(கேலாங் ஈஸ்ட் அவென்யூ 2-இல் பெற்றோருக்காக நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை இங்கே பேச அழைத்தவர்கள், "பிள்ளைகளின் மேற்படிப்புக்குப் பணம் சேர்ப்பது எப்படி என்று நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்கள். நான் பொருளாதாரம் படித்தவன் அல்லன். ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கு எழுதியவன். கேலாங் வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, இப்போது பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறவன். அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் படிப்புக்காக உங்கள் முதுமையை அடகு வைக்காதீர்கள். இதைக் கேட்டதும் சிலருக்கு முகம் சுளிக்கும். "பெற்ற பிள்ளைக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்வது?" என்பீர்கள். செய்யத்தான் வேண்டும். எந்தப் பணத்தைக் கொண்டு செய்வது, எப்போது தொடங்குவது, யார் பெயரில் கடன் வாங்குவது என்பவைதான் கேள்விகள்.

முதலில் செலவு எவ்வளவு என்று பார்ப்போம். சிங்கப்பூர்க் குடிமக்களின் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளியில் சம்பளம் கிடையாது, சில்லறைக் கட்டணங்கள்தாம். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் ஆண்டுக்குச் சில நூறு வெள்ளி. பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஏறத்தாழ 3,000 வெள்ளி. பல்கலைக்கழகத்தில் கலை, அறிவியல் போன்ற பாடங்களுக்கு, அரசாங்கம் தன் பங்கைக் கொடுத்த பிறகும், மாணவர் கட்டுவது ஆண்டுக்கு 8,000 வெள்ளிக்கு மேல். மருத்துவம் என்றால் 30,000-ஐத் தாண்டுகிறது. நிரந்தரவாசிகளுக்கு இவையெல்லாம் இன்னும் கூடுதல்.

சாதாரணப் பட்டப்படிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டுக்கு 33,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இன்று பிறந்த குழந்தைக்கு அந்தச் செலவு வருவது பதினெட்டு ஆண்டு கழித்து. கட்டணம் ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏறிக்கொண்டே போனால், அப்போது அது ஏறக்குறைய 56,000 வெள்ளியாக இருக்கும். கேட்கும்போது வயிற்றைக் கலக்கும் தொகைதான். ஆனால் இதை ஒரே நாளில் எண்ணிக் கொடுக்க வேண்டியதில்லை. பதினெட்டு ஆண்டுகள் இருக்கின்றன. ஏழைக்கும் பணக்காரனுக்கும் அந்தப் பதினெட்டு ஆண்டு ஒரே அளவுதான்.

கணக்கு எழுதியவன் என்பதால் ஒரு கணக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குழந்தை பிறந்த மாதத்திலிருந்து மாதம் 50 வெள்ளி, 2.5 விழுக்காடு வட்டி கிடைக்கும் இடத்தில் போட்டு வந்தால், பதினெட்டாவது பிறந்தநாளில் சுமார் 13,600 வெள்ளி இருக்கும். நீங்கள் போட்டது 10,800; மீதி வட்டி. அதே 13,600 வெள்ளியைப் பிள்ளைக்குப் பத்து வயதானபின் சேர்க்கத் தொடங்கினால் மாதம் 128 வெள்ளி போட வேண்டும். பத்து வயதில் துணைப்பாடக் கட்டணம், வீட்டுக் கடன், தாத்தா பாட்டி மருத்துவச் செலவு எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். அந்த நேரத்தில் 128 வெள்ளி எடுப்பதைவிட, இப்போது 50 வெள்ளி எடுப்பது எளிது.

"எங்களிடம் வீடு இருக்கிறது, அதை விற்றுப் படிக்க வைப்போம்" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களை நம் கேலாங் லோரோங் 3-க்கு ஒரு நடை போய்வரச் சொல்வேன். இந்த வட்டாரத்தில் ஒற்றைப்படை லோரோங்கெல்லாம் கேலாங் ரோட்டுக்கு ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். லோரோங் 3-இல் 191 தரைவீடுகள் இருந்தன. அறுபது ஆண்டுக் குத்தகை நிலத்தில் கட்டியவை. குத்தகை முடிந்ததும் நிலம் அரசாங்கத்துக்குத் திரும்பும் என்று 2017-இல் அறிவித்தார்கள். 2020 டிசம்பர் 31-ஆம் தேதி குத்தகை முடிந்தது. வீடுகள் போயின. இழப்பீடு கிடையாது, குத்தகையின் பொருளே அதுதான். அந்தத் தெருவில் குடியிருந்தவர்கள் யாரும் சட்டம் தெரியாதவர்கள் அல்லர். அறுபது ஆண்டு என்பது நீண்ட காலமாகத் தோன்றியிருக்கும், அவ்வளவுதான்.

நம்மில் பெரும்பாலோர் இருப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில். அவை 99 ஆண்டுக் குத்தகை. உடனே பயப்பட வேண்டாம். ஆனால் இன்னொன்றை நினைவில் வையுங்கள். மத்திய சேம நிதியிலிருந்து பணம் எடுத்து வாங்கிய வீட்டை விற்றால், எடுத்த தொகையையும் அதற்குச் சேர்ந்திருக்கக்கூடிய வட்டியையும் முதலில் சேம நிதிக்கே திருப்ப வேண்டும். கைக்கு வரும் ரொக்கம் நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும். அதோடு, வீட்டை விற்றபின் எங்கே படுப்பது?

அடுத்தது நகை. நம் பெண்கள் நகையை அலங்காரமாக மட்டும் வாங்குவதில்லை, ஆபத்துக்கு உதவும் என்றுதான் வாங்குகிறார்கள். அதில் தவறு காண எனக்கு வாய் வராது. என் தாயாரின் தாலிக்கொடி எங்கள் வீட்டுக்கு எத்தனை முறை சோறு போட்டது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கல்லூரிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைப்பது வேறு. அடகுக் கடையில் சட்டப்படி மாதத்துக்கு 1.5 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். 3,000 வெள்ளிக்கு மாதம் 45 வெள்ளி, ஆண்டுக்கு 540 வெள்ளி. ஆறு மாதத்தில் மீட்க வேண்டும், இல்லையேல் வட்டி கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அதே கட்டணத்துக்குக் கல்வி அமைச்சின் கட்டணக் கடன் திட்டம் இருக்கிறது. படிக்கும் காலத்தில் அதற்கு வட்டியே இல்லை. படித்து முடித்த பிறகுதான் வட்டி தொடங்கும். ஒரு ஜாமீன்தாரர் வேண்டும். ஒரு ஜாமீன் கையெழுத்துக்கு வெட்கப்பட்டு, ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி கட்டும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். உறவினரிடம் கையெழுத்துக் கேட்பதில் என்ன கௌரவக் குறைவு? திருமணத்துக்கு மொய் எழுத அழைக்கிறோம், படிப்புக்குக் கையெழுத்திட அழைக்கக்கூடாதா?

சீட்டைப் பற்றியும் பேசியாக வேண்டும். இந்த மண்டபத்தில் சீட்டுப் போடாத குடும்பம் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். இருபது பேர் சேர்வார்கள், மாதம் இவ்வளவு என்று போடுவார்கள், அவசரம் உள்ளவர் தள்ளி எடுப்பார், பொறுமையுள்ளவர் கடைசியில் எடுத்து லாபம் பார்ப்பார். வங்கிக்குள் நுழையத் தயங்கிய காலத்தில் நம்மவர்களுக்கு அதுதான் வங்கி. ஒருவரை ஒருவர் அறிந்த இருபது பேருக்குள் அது நன்றாகவே நடந்தது. ஆள் தெரியாத கூட்டமாகப் பெருகியபோதுதான் வினை. 1971-இல் சிங்கப்பூரில் சீட்டு நிதிச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1970-களின் முற்பகுதியில் ஜெமினி சீட்டு நிறுவனம் விழுந்தபோது எத்தனை வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்பது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும்.

எங்கள் வீட்டுச் சீட்டு அவ்வளவு பெரியதல்ல. என் தகப்பனார் சாலை போடும் வேலை செய்தார். நாங்கள் லோரோங் ஒன்றில் ஓர் அறையில் குடியிருந்தோம். அம்மா மாதம் 30 வெள்ளி, இருபது பேர் கொண்ட ஒரு சீட்டில் போட்டு வந்தார். என் அக்காள் உயர்நிலைப்பள்ளியில் நன்றாகப் படித்தார். மேலே இரண்டாண்டு புகுமுக வகுப்புக்கு அனுப்பவும், அதன்பின் ஆசிரியர் பயிற்சிக்கு விடவும் அந்தச் சீட்டுப் பணம் என்று முடிவாகியிருந்தது. அம்மா கடைசிச் சீட்டுவரை பொறுத்திருந்தார். பதினேழாவது மாதம், சீட்டுப் பிடித்தவர் இரவோடு இரவாகக் குடும்பத்தோடு போய்விட்டார். மலேசியாவுக்கு என்றார்கள் சிலர், ஊருக்கு என்றார்கள் சிலர். எழுத்தில் ஒன்றுமில்லை. யாரிடம் போய்க் கேட்பது?

அக்காள் அடுத்த மாதமே துணி தைக்கும் தொழிற்சாலையில் சேர்ந்தார். அழவில்லை. அவருடைய கூலியில்தான் நான் பள்ளிக்குப் போனேன். கணக்கு எழுதக் கற்றுக்கொண்ட மாலை வகுப்புக்கு அவர்தான் சம்பளம் கட்டினார். இன்றைக்கும் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிக்கிறவர் எங்கள் குடும்பத்தில் அவர் ஒருவர்தான். சீட்டே போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தீபாவளிச் செலவுக்குப் போடுங்கள், ஊருக்குப் போகப் போடுங்கள். பிள்ளையின் படிப்பு அதில் இருக்க வேண்டாம்.

அக்காளுக்கு நேர்ந்த சில காலத்திலேயே, 1969-இல், பள்ளிகளில் அஞ்சலகச் சேமிப்பு வங்கியின் சேமிப்பு இயக்கம் தொடங்கியது. 1877-இலிருந்து இருந்துவரும் வங்கி அது. அட்டையில் தபால்தலை போன்ற வில்லைகளை ஒட்டி, அட்டை நிறைந்ததும் கணக்கில் சேர்ப்போம். பின்னாளில் அந்த வங்கி அணிலைத் தன் சின்னமாக வைத்துக்கொண்டபோது, நம் பக்கத்துப் பாட்டிமார்கள், "ராமருக்கு மணல் சுமந்த அணில்தானே" என்று உரிமை கொண்டாடினார்கள். 1998-இல் அது டிபிஎஸ் வங்கியோடு இணைந்தது. அந்த அட்டையின் சிறப்பு வட்டியில் இல்லை. பணம் எங்கே இருக்கிறது என்பது பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

இப்போது இருக்கும் வசதிகளுக்கு வருகிறேன். இளம் பெற்றோர்கள் காதைக் கொடுங்கள். குடிமகனாகப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் சிறார் மேம்பாட்டுக் கணக்கு தொடங்கலாம். டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி ஆகிய மூன்று வங்கிகளில் ஒன்றில் தொடங்கினால் போதும். 2023 பிப்ரவரி 14 முதல் பிறந்த குழந்தைகளுக்கு, நீங்கள் ஒரு காசும் போடாமலேயே குறைந்தது 5,000 வெள்ளியை அரசாங்கம் முதற்படி மானியமாகப் போடுகிறது. அதற்கு மேல் நீங்கள் போடும் ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒரு வெள்ளி அரசாங்கம் போடுகிறது. முதல் பிள்ளைக்கு 4,000 வெள்ளி வரை, இரண்டாம் பிள்ளைக்கு 7,000, மூன்றாம் நான்காம் பிள்ளைகளுக்கு 9,000, ஐந்தாவதிலிருந்து 15,000. அந்தத் தேதிக்கு முன் பிறந்தவர்களுக்கு இந்தத் தொகைகளில் சில குறைவு, ஆனால் முறை ஒன்றுதான்.

போட்ட பணம் போட்ட அன்றே இரட்டிப்பாகும் முதலீடு உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? யாராவது இருக்கிறது என்று சொன்னால் காவல் நிலையத்துக்குப் போங்கள். இது ஒன்றுதான் நிஜம். அப்படியிருந்தும், மானியம் வந்ததும் அதோடு நின்றுவிடும் பெற்றோர் உண்டு. "பணம் இருக்கிறவர்களுக்குத்தானே அது" என்று என்னிடம் சொன்னார் ஒரு தாய். பிள்ளை பன்னிரண்டு வயதை எட்டும் ஆண்டின் கடைசி நாள்வரை போடலாம். 4,000 வெள்ளியைப் பன்னிரண்டு ஆண்டுக்குப் பகிர்ந்தால் மாதம் 28 வெள்ளி. ஒரு நாளைக்கு ஒரு வெள்ளிகூட இல்லை. 4,000 போட்டவர் கணக்கில் மானியமும் சேர்ந்து 13,000 வெள்ளி.

அந்தக் கணக்கிலிருந்து குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்கும் பாலர் பள்ளிக்கும் மருந்தகத்துக்கும் செலவு செய்யலாம். தேவையென்றால் செய்யுங்கள், அதற்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். மிச்சம் இருப்பது உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்குக்குப் போய்விடும். அங்கே 2.5 விழுக்காடு வட்டி. பலதுறைத் தொழிற்கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அதிலிருந்து கட்டலாம். பயன்படுத்தாமல் விட்டால், முப்பது வயதைக் கடந்தபின் பிள்ளையின் சேம நிதிக் கணக்குக்கே போய்ச் சேரும். எப்படிப் பார்த்தாலும் பணம் வீணாகாது.

எடுசேவ் நிதியும் அதே வழியில்தான் வந்து சேருகிறது. சிவன் கோவில் இந்தக் கேலாங் ஈஸ்ட்டில் குடமுழுக்குக் கண்ட அதே 1993-ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டம் அது. 2019 முதல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 230 வெள்ளி, உயர்நிலைப்பள்ளியில் 290 வெள்ளி. பத்து ஆண்டில் 2,540 வெள்ளி. பள்ளி நடத்தும் பயிற்சிகளுக்கும் பயணங்களுக்கும் அதிலிருந்து கழிப்பார்கள், கழிக்கட்டும். மீந்தது மேற்படிப்புக் கணக்கில் சேரும்.

இவற்றுக்கு மேலும் சேர்க்க முடிந்தவர்களுக்கு 2015-இல் வந்த சிங்கப்பூர்ச் சேமிப்புப் பத்திரம் இருக்கிறது. 500 வெள்ளியிலிருந்து வாங்கலாம், பத்தாண்டுக் காலம், எந்த மாதம் வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், போட்ட முதல் குறையாது. காப்புறுதிக் கல்விப் பாலிசி எடுப்பவர்கள் எடுங்கள். ஆனால் இடையில் நிறுத்தினால் எவ்வளவு கிடைக்கும் என்பதை முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். மூன்றாவது ஆண்டில் வேலை போனால் நிலைமை என்ன என்று கேளுங்கள். முகவர் உறவினராக இருந்தால் இரண்டு முறை கேளுங்கள். பாலிசி கைக்கு வந்தபின் படித்துப் பார்த்து வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கப் பதினான்கு நாள் அவகாசம் உண்டு. அந்தப் பதினான்கு நாளில் அதைப் படித்துவிடுங்கள். அலமாரியில் வைத்துப் பூட்டுவதற்கு அது பத்திரம் அல்ல.

துணைப்பாட வகுப்பைப் பற்றி ஒரு சொல். 2023-ஆம் ஆண்டுக் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாடத்துக்கு ஆண்டுக்கு 180 கோடி வெள்ளி செலவழிக்கின்றன. மேற்படிப்புக்குச் சேர்க்க வேண்டிய பணத்தில் ஒரு பங்கு தொடக்கப்பள்ளியிலேயே கரைகிறது என்பது என் அபிப்பிராயம். தேவையான பிள்ளைக்குக் கட்டாயம் வேண்டும், மறுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறது என்பதற்காகவா? 1991-இல் தோன்றிய சிண்டா அமைப்பு குறைந்த கட்டணத்தில் துணைப்பாட வகுப்புகள் நடத்துகிறது. உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் சிண்டாவுக்குப் பிடிப்பதே இதற்காகத்தான். பிடித்த பணத்தின் பயனை வாங்காமல் இருப்பது சிக்கனம் ஆகாது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எவ்வளவு சேர்த்தாலும் சிலருக்குப் போதாது. அப்போது நம் கண் போவது மத்திய சேம நிதிமேல். 1989 முதல் ஒரு கல்வித் திட்டம் இருக்கிறது. பெற்றோர் தங்கள் சாதாரணக் கணக்கில் சேர்ந்த தொகையில் 40 விழுக்காடு வரை பிள்ளையின் முழுநேரப் பட்டய, பட்டப் படிப்புக் கட்டணத்துக்கு எடுக்கலாம். இதை நம்மவர்கள் பலர் பெற்றோர் தரும் பணம் என்று நினைத்துக் கையெழுத்திடுகிறார்கள். அது கடன். வாங்குபவர் பிள்ளை. படித்து முடித்த ஓராண்டுக்குப் பின் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். ரொக்கமாகக் கட்ட வேண்டும். சாதாரணக் கணக்கின் வட்டியும் சேரும். அதிகபட்சம் பன்னிரண்டு ஆண்டு அவகாசம். கட்டும் பணம் அரசாங்கத்துக்குப் போவதில்லை. எடுத்த கணக்குக்கே, அதாவது அப்பா அம்மாவின் கணக்குக்கே திரும்பி வருகிறது.

என் மகள் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது இந்தத் திட்டத்தைத்தான் எடுத்தோம். அவள் வேலைக்குப் போய், திருப்பிக் கட்டும்படி முதல் கடிதம் வந்த அன்று, வீட்டில் ஒரு பெரிய விவாதமே நடந்தது. என் மனைவிக்குத் தாங்கவில்லை.

"ஏங்க, பெத்த பொண்ணுகிட்ட வட்டி வாங்குறதா? வெளியில தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்களா?"

"நான் வாங்கலையே. என் கணக்குதானே வாங்குது" என்றேன்.

"எல்லாம் ஒண்ணுதான். அவ கல்யாணத்துக்குச் சேக்கட்டும். நாம சேத்து வச்சதை அவகிட்டயே திருப்பிக் கேக்குறதா?"

மகள் கடிதத்தை வாங்கிப் படித்தாள். "அம்மா, நான் இப்ப கட்டலைன்னா, அப்பாவுக்கு எழுபது வயசுல நான் மாசாமாசம் கொடுக்கணும். அப்ப எனக்குப் பிள்ளைங்க இருக்கும். எது சுலபம்?" என்றாள். அவள் அம்மாவிடம் அதற்குமேல் பேச்சில்லை. ஒன்பது ஆண்டில் கட்டி முடித்தாள். இடையில் கல்யாணமும் நடந்தது.

அவள் கேட்டதைக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 30,000 வெள்ளியைப் பன்னிரண்டு ஆண்டில் 2.5 விழுக்காட்டில் திருப்பினால், படிக்கும் காலத்து வட்டியைச் சேர்க்காமல், மாதம் 240 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். வேலைக்குப் போன பிள்ளைக்கு அது பெரிய பாரம் அல்ல. அதே 30,000 வெள்ளி திரும்பாமலே போனால், இருபது ஆண்டில் உங்கள் கணக்கில் இருந்திருக்க வேண்டிய 49,000 வெள்ளி இல்லாமற்போகும். ஐம்பது வயதில் இருப்பவருக்கு எழுபது வயதில் அந்தப் பணம் இருக்காது. எழுபது வயதில் யார் நமக்கு வேலை தருவார்கள்? நம் வயதொத்தவர்கள் உணவங்காடியில் தட்டு எடுப்பதைப் பார்க்கிறோம். விருப்பப்பட்டு வேலை செய்பவர்கள் உண்டு, அவர்களை வணங்குகிறேன். வேறு வழியில்லாமல் செய்பவர்களும் உண்டு.

பிள்ளையிடம் கடனைப் பற்றிப் பேசுவது நமக்குக் கூச்சமாக இருக்கிறது. "உனக்காகத்தான் எல்லாம்" என்று சொல்லி வளர்க்கிறோம். அந்தச் சொல்லும் பிள்ளையின் தலையில் ஒரு கடன்தான். தொகை எழுதாத கடன். அது எப்போது தீரும் என்று பிள்ளைக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பிறகு மருமகள் வந்தபின் அதைக் கேட்டுச் சண்டை போடுகிறோம். அதைவிட, பதினாறு பதினேழு வயதிலேயே மகனையோ மகளையோ உட்காரவைத்து, "இவ்வளவு சேர்த்திருக்கிறோம், இவ்வளவு குறைகிறது, குறைவதை உன் பெயரில் கடனாக எடுப்போம், நீ இத்தனை ஆண்டில் திருப்பலாம்" என்று தொகையோடு சொல்லிவிடுவது அன்புக் குறைவு ஆகாது. எந்தப் படிப்பு, எந்த ஊர் என்று தீர்மானிக்கும்போது பிள்ளையும் கணக்குப் பார்க்கும். வெளிநாட்டுப் படிப்புக்கு அவசரப்படும் பிள்ளைகளுக்கு இது முக்கியமாகத் தேவை. கட்டணம் பல மடங்கு, சேம நிதிக் கல்வித் திட்டமும் அங்கே உதவாது.

இன்று ஞாயிற்றுக்கிழமை ஆதலால், கேலாங் விடுதிகளில் தங்கி வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தம்பிமார் சிலரும் வந்திருக்கிறார்கள். நான் இதுவரை சொன்ன கணக்குகள் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது என்பது எனக்குத் தெரியும். நீங்கள் இங்கே கட்டடம் கட்டி, அங்கே பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் அனுப்புகிறவர்கள். உங்களுக்குப் பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தை இருந்தால், ஊரில் இருக்கும் தாய் காப்பாளராக இருந்து அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். 2015-இல் தொடங்கிய திட்டம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகம் ஒன்றரை லட்சம் வரை. 2024-இல் அதற்கு 8.2 விழுக்காடு வட்டி கொடுத்தார்கள். பதினைந்து ஆண்டு கட்டினால் போதும். பெண்ணுக்குப் பதினெட்டு வயதானதும் படிப்புக்காகப் பாதிவரை எடுக்கலாம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-இலும் தமிழக அரசால் தொடங்கப்பட்டன. வீட்டுக்குப் பேசும்போது, பள்ளித் தலைமை ஆசிரியரிடம் விசாரிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உங்களுக்குத்தான். ஊரில் மாடி கட்டவும், தங்கை கல்யாணத்துக்கும், மச்சான் கடைக்கும் என்று அனுப்பும் பணத்தோடு, பிள்ளை படிப்புப் பணத்தையும் ஒரே தொகையாக அனுப்பாதீர்கள். ஒரே தொகையாகப் போனால் அது மாடிக்குத்தான் போகும். அஞ்சலகக் கணக்குக்குத் தனியாக, சிறியதாக இருந்தாலும், மாதம் ஒரு முறை போகட்டும். ரசீதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மனைவியைச் சந்தேகப்பட்டு அல்ல; உறவுக்காரர் கேட்கும்போது, "அது பிள்ளையின் கணக்கு, தொட முடியாது" என்று சொல்ல அந்த அம்மாவுக்கும் ஒரு பிடி வேண்டாமா?

நன்கொடையாளர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். கல்வி உதவிநிதிகளுக்கு நீங்கள் தரும் பணம் எத்தனையோ பிள்ளைகளின் கல்லூரி வாசலைத் திறந்திருக்கிறது. ஒரு வேண்டுகோள் மட்டும். உதவிநிதி பெரும்பாலும் பதினேழு, பதினெட்டு வயதில் கைக்கு வருகிறது. அந்த உதவியில் ஒரு பகுதியைத் தொட்டிலில் இருக்கும் பிள்ளைக்குத் தர முடியுமா என்று யோசியுங்கள். வசதி குறைந்த ஒரு குடும்பத்தின் சிறார் மேம்பாட்டுக் கணக்கில் போடும் 500 வெள்ளி, வரம்பு நிறையும்வரை அன்றே 1,000 வெள்ளி ஆகிறது. பதினெட்டு வயதில் தரும் 500 வெள்ளி 500 வெள்ளிதான்.

கூட்டம் முடிந்தபின் வாசலருகே உள்ள மேசையில் உட்கார்ந்திருப்பேன். குழந்தையின் வங்கிப் புத்தகத்தைக் கொண்டு வந்தவர்கள் காட்டுங்கள், அரசாங்கத்தின் பங்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று சேர்ந்து பார்ப்போம். சேம நிதிக் கணக்கைச் சிங்பாஸ் வழியாகக் கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம்; தெரியாதவர்கள் உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டுத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கல்விக் கடன் எடுத்திருப்பவர்கள் பாக்கித் தொகை குறிப்பிட்ட கடிதத்தை எடுத்து வாருங்கள். கேள்வி இருப்பவர்கள் இப்போதே கேட்கலாம்.